வண்ணக்கர் நோக்கில் தீவுகளின் வெள்ளிக் காசுகள்



சங்கப் புலவர்களின் பெயர் வரிசையில் 'வண்ணக்கன்' என்னும் அடையுடன் சிலர் காணப்படுகின்றனர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். வண்ணக்கன் என்பது காசின் தரத்தை ஆராய்ந்து உரைப்பவனைக் குறிக்கும் சொல் என்பர் உரையாசிரியர். காசை நோக்கித் தேர்ந்த கண்களே கவிதையையும் யாத்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. தமிழில் 'நாணயம்' என்ற சொல்லும் இரு பொருள் உடையது. கையில் உள்ள காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத பண்பும் நாணயம். 'நாணயமான மனிதர்' என்று ஊரார் ஒருவரைச் சொல்லும்போது, அவர் வாக்கு எந்தக் கடையிலும் செல்லும் என்பதே அதன் கருத்து.

இவ்விரு பொருளையும் உளத்திற்கொண்டு, இக்காலத்தில் உலகச் சந்தையில் விற்கப்பெறும் ஒருவகை வெள்ளிக் காசுகளை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். பசிபிக் பெருங்கடலின் சிறு தீவு நாடுகள் தத்தம் பெயரில் வெளியிடும் காசுகள் அவை. நாஞ்சில் நாட்டிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள பொருள் போல இது தோன்றலாம். ஆயினும் தனக்கென ஒரு வெள்ளிக் காசினை வழங்கி, பின் அதனை இழந்த நிலம் இது. ஆதலின் இம்மண்ணுக்கு அக்காசுகளை நிறுத்துப் பார்க்கும் தகுதி உண்டு.

வண்ணக்கன் ஒரு காசிடம் மூன்று வினாக்களைக் கேட்பான் எனக் கொள்ளலாம். உலோகம் தூயதா? முத்திரை உரியவருடையதா? மக்கள் வழக்கில் அது செல்லுமா? இம்மூன்றும் பொருந்திய காசே நிறை நாணயம்.

தீவுகளின் பெயரும் வெள்ளியும்

தென் பசிபிக்கில் நியுவே என்றொரு தீவு உண்டு. பரப்பு ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. தோவாளை வட்டத்தில் இதனினும் மிகுதியான மக்கள் வாழும் ஊர்கள் பல. 1974-இல் நியூசிலாந்துடன் தன்னுரிமை உறவு பூண்டு தன்னாட்சி பெற்ற இத்தீவில், அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு வழங்குவது நியூசிலாந்து டாலரே. ஆயினும் நியுவேயின் பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முதலீட்டாளர்களின் பேழைகளில் அடுக்கடுக்காக உள்ளன. குக் தீவுகள், துவாலு ஆகிய நாடுகளின் பெயரிலும் இத்தகைய காசுகள் வெளிவருகின்றன.

இவை உருவாகும் முறை எளிது. நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ ஜெர்மனியிலோ உள்ள ஒரு நாணயச்சாலை காசினை வடிவமைக்கிறது. தீவின் அரசு தன் பெயரையும் ஒரு முகமதிப்பையும் அதில் பொறிக்க ஒப்புதல் அளிக்கிறது. காசின் ஒருபுறம் அரசரின் தலையுருவம் இடம்பெறும். 2022 வரை வெளிவந்தவற்றில் இரண்டாம் எலிசபெத்தின் உருவமே பெரும்பான்மை. மறுபுறம் ஆமை, கப்பல் போன்ற உருவமும், எடையும் தூய்மையும் குறிக்கும் எழுத்தும் காணப்படும். ஒரு டிராய் அவுன்சு, அதாவது 31.1 கிராம், ஆயிரத்தில் 999 பங்கு தூய வெள்ளி என்பது பெருவழக்கு. அச்சாலையே விற்பனையையும் நடத்துகிறது. பெயர் அளித்ததற்காக ஒரு தொகை தீவின் அரசுக்குச் சேர்கிறது.

இக்காசின் முகமதிப்பு ஒரு டாலர் அல்லது இரண்டு டாலர். அதிலுள்ள வெள்ளியின் விலையோ பன்மடங்கு. 1980 ஜனவரியிலும் 2011 ஏப்ரலிலும் ஓர் அவுன்சு வெள்ளி ஏறத்தாழ 50 அமெரிக்க டாலரை எட்டிய காலங்கள் உண்டு. அத்தகைய காசினைக் கொண்டுசென்று இரண்டு டாலருக்கு ரொட்டி வாங்குவோர் எவரும் இலர். முகமதிப்பு இங்குச் செலவிடுவதற்காகப் பொறிக்கப்படவில்லை. அந்த வெள்ளித் துண்டுக்குக் 'காசு' என்னும் பெயரைத் தருவதற்காகவே பொறிக்கப்பட்டது.

நாகர்கோவில் நகைக்கடைகளிலும் வெள்ளிக் காசு விற்கப்படுகிறது. இலக்குமியோ பிள்ளையாரோ பொறித்த அக்காசினைப் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் வாங்குவோர் பலர். அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. எடையும் தூய்மையும் கடையின் சொல்லுமே அதற்குச் சான்று. அதைச் சட்டப்படி காசு என்று எவரும் கொள்வதில்லை. தீவுக் காசிலும் வெள்ளி அதே வெள்ளிதான். அதனுடன் கூடுதலாக வருவது ஒரு நாட்டின் பெயர். அப்பெயர் இருப்பதால் அது சட்டமுறைச் செலாவணியாகிறது. சில நாடுகளில் அத்தகைய காசுக்கு வரியில் தனி இடம் உண்டு. வாங்குவோனுக்கும் ஓர் அரசின் முத்திரை உள்ளது என்னும் மனநிறைவு கிடைக்கிறது. ஆக, அங்கு விலைபோகும் பொருள்கள் இரண்டு: ஒன்று வெள்ளி, மற்றொன்று பெயர்.

பெயர் எவ்வாறு விலைபோகிறது என்பதற்கு அழுங்காமைக் காசின் வரலாறு தக்க சான்று. 2010 முதல் 2013 வரை பிஜி நாட்டின் பெயரில் அழுங்காமை உருவம் பொறித்த இரண்டு டாலர் வெள்ளிக் காசு நியூசிலாந்து நாணயச்சாலையால் வெளியிடப்பெற்றது. பிஜி மொழியில் அவ்வாமைக்குத் 'தாக்கு' என்று பெயர். காசும் அப்பெயராலேயே அறியப்பட்டது. 2014-இல் அதே ஆமை நியுவேயின் பெயருடன் வந்தது. ஆமை மாறவில்லை, வெள்ளி மாறவில்லை, முகமதிப்பும் மாறவில்லை. நாடு மட்டும் மாறியது. முட்டையிடக் கரை தேடும் ஆமை ஓரிரவில் கரை மாறுவது இயற்கை. நாட்டின் முத்திரை அவ்வாறு இடம்பெயர்வது வண்ணக்கனை நின்று நோக்கச் செய்யும். முதல் வினாவில் முழுமையாகத் தேறும் இக்காசு இரண்டாம் வினாவில் தயங்குகிறது. மூன்றாம் வினாவான மக்கள் வழக்கில் அது தேறவே இல்லை.

பிஜி என்னும் பெயர் தமிழ்க் கவிஞர்களுக்குப் புதியதன்று. அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற பெண்களை எண்ணிப் பாரதியார் பாடிய பாடல் வழியாக அது தமிழர் நெஞ்சில் பதிந்தது. ஒரு தீவின் பெயர் தமிழில் எவ்வாறு நிலைத்தது, உலகச் சந்தையில் எவ்வாறு விற்கப்பட்டது என்னும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும்.

பெயரை விற்போரின் நியாயம்

இதனைக் கொண்டு அத்தீவு மக்களைக் குறை கூறுதல் எளிது, ஆனால் நேர்மையாகாது. துவாலு 1978-இல் விடுதலை பெற்ற நாடு. ஒன்பது தீவுகள் சேர்ந்தும் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஆறில்லை, மலையில்லை, கனிவளமில்லை. கடலில் மீன்பிடிக்கும் உரிமையைப் பிற நாட்டுக் கப்பல்களுக்கு வழங்கிப் பெறும் கட்டணமே அரசின் பெருவருவாய்களுள் ஒன்று. அஞ்சல் தலைகளை உலகெங்குமுள்ள சேகரிப்போர்க்கு விற்றும் அந்நாடு பொருளீட்டியது. நிலமும் நீரும் மிகுதியாக வாய்க்கப்பெற்ற நாடு தன் பெயரை விற்க வேண்டுவதில்லை. பெயரைத் தவிர வேறொன்றும் மிகுதியாக இல்லாத நாடு அதனை விற்றுப் பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் பொருள் தேடுமாயின், அதில் இழிவு இல்லை.

ஆயினும் ஒரு வருத்தம் எஞ்சி நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை 2017 முதல் துவாலுவின் பெயரில் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் அமெரிக்கச் சித்திரக்கதை வீரர்களின் உருவங்கள் இடம்பெற்றன. துவாலுவின் தோணியோ தென்னையோ பாடலோ அவற்றில் இல்லை. நாட்டின் பெயர் உள்ளது, நாடு இல்லை. குக் தீவுகளின் காசு ஓரளவு வேறுபட்டது. 2009 முதல் வெளிவரும் அக்காசில் 'பவுண்டி' என்னும் கப்பல் பொறிக்கப்பெற்றுள்ளது. மாலுமிகளின் கலகத்தால் பெயர்பெற்ற அக்கப்பல் 1789 ஏப்ரலில், கலகத்திற்குச் சில நாள்களுக்கு முன், அத்தீவுகளுள் ஒன்றான அயித்துத்தாக்கியைக் கண்டது. அங்கு முத்திரைக்கும் நிலத்துக்கும் ஒரு நூலிழைத் தொடர்பேனும் உண்டு.

துவாலுவின் நிலை வேறொரு காரணத்தாலும் நெஞ்சைத் தொடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தை எட்டாத நிலம் அது. கடல் உயர்ந்து வருவதால் 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவுடன் அந்நாடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. 2024-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையினர் ஆஸ்திரேலியாவில் குடியேற அது வழி செய்கிறது. ஒருகாலத்தில் அந்நிலம் நீருள் மறையுமாயின், வெள்ளிக் காசுகளில் அதன் பெயர் எஞ்சியிருக்கும். அருகே முகமூடி அணிந்த வீரனின் உருவமும் இருக்கும். குமரிமுனையில் வாழ்வோர்க்கு இது வெறுங்கதை ஆகாது. 2004 டிசம்பர் 26-இல் குளச்சலும் மணக்குடியும் கடலின் சீற்றத்தைக் கண்டவை. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடல்கொண்டதாகச் சிலப்பதிகாரம் உரைக்கிறது. அப்பஃறுளியின் மணலைப் புறநானூற்றில் நெட்டிமையார் பாடியுள்ளார். வரலாற்றறிஞர் அச்செய்தியை எவ்வாறு கொண்டாலும், இன்று அப்பெயர் வழங்குவது பாட்டினால். காசு எதுவும் அதனைக் காத்துத் தரவில்லை.

நாஞ்சில் நாட்டின் சக்கரம்

இனி இம்மண்ணின் காசுக்கு வருதல் வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அதற்கு முன் இவை திருவிதாங்கூரின் பகுதிகள். மார்த்தாண்டவர்மர் 1750 ஜனவரியில் தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துத் தம்மைப் பத்மநாபதாசர் என அழைத்துக்கொண்டார். அந்நாட்டின் சின்னமான வலம்புரிச் சங்கு பிற்காலக் காசுகளில் பொறிக்கப்பெற்றது. பத்மநாபபுரத்தில் அரசின் கம்மட்டம் இருந்தது. காசடிக்கும் சாலைக்குத் தமிழில் வழங்கிய பழஞ்சொற்களுள் ஒன்று கம்மட்டம், மற்றொன்று அக்கசாலை. பின்னர் அக்கம்மட்டம் திருவனந்தபுரத்திற்குச் சென்றது.

திருவிதாங்கூரின் பணக்கணக்கு தனியொரு முறை. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும். ஆகவே சர்க்கார் ரூபாய்க்கு 448 காசு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு 456 காசு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் திருநெல்வேலிச் சீமையும் திருவிதாங்கூரும் சந்தித்தன. அங்கு வண்டி ஓட்டி வந்த வணிகன் இந்த எட்டுக் காசு வேறுபாட்டை மனக்கணக்காக அறிந்திருத்தல் வேண்டும். ஒரே மொழி பேசும் மக்களுக்கிடையே ஒரு மலைவழியின் இருபுறமும் இரு கணக்குகள் நடந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சக்கரம் வெள்ளியால் ஆனது. எடை அரைக் கிராமுக்கும் குறைவு. வடிவம் மிளகுக்குச் சற்றே பெரிது. ஈரக் கையில் எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். மணலில் விழுந்தால் தேடுவது அரிது. இவ்வளவு சிறிய காசை நூற்றுக்கணக்கில் எண்ணுவதற்கு ஓர் எளிய கருவி வழக்கில் இருந்தது. அதனைப் பணப்பலகை என்பர். ஒரு மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் குடையப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு சக்கரமே அமரும். கைப்பிடி அளவு காசைப் பலகைமேல் கொட்டி, மெல்ல இருபுறமும் அசைத்தால் குழிகள் நிரம்பும். எஞ்சியதை வழித்துவிட்டால் பலகையில் உள்ளது இத்தனை என்பது எண்ணாமலே விளங்கும். கருவூலத்திலும் பெருங்கடைகளிலும் இப்பலகை இருந்தது. அரசின் ஆணையைக் காட்டிலும் இக்குழிகளே சக்கரத்தின் உயிர்ப்புக்குச் சான்று. நாள்தோறும் கைகள் அசைத்து எண்ணிய காசுக்கே இத்தகைய பலகை தேவைப்படும். பேழையில் உறங்கும் காசுக்கு அது வேண்டுவதில்லை.

28 சக்கரங்களை ஒன்றாக நிறுத்தால் ஒரு ரூபாயின் வெள்ளிக்கு அண்மையில் வரும். அக்காசில் உலோகமும் முகமதிப்பும் ஏறக்குறைய ஒத்து நடந்தன. முத்திரை அந்நிலத்தை ஆண்ட அரசினுடையது. வழக்கோ கோட்டாற்றுச் சந்தை முதல் குழித்துறை வரை நிகழ்ந்தது. வண்ணக்கனின் மூன்று வினாக்களுக்கும் அச்சிறு காசு விடையளித்தது.

இந்நிலை நிலைக்கவில்லை. 1870-க்குப் பின் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்தது. மக்கள் கொணரும் வெள்ளியைத் தடையின்றி ரூபாயாக அடித்துத் தரும் வழக்கத்தைப் பிரிட்டிஷ் இந்திய அரசு 1893-இல் நிறுத்தியது. அன்றுமுதல் ரூபாயின் மதிப்பு உலோகத்திலிருந்து விலகி அரசின் சொல்லில் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரின் சக்கரமும் செம்பாயிற்று. பணமும் அரை ரூபாயும் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் காலத்திலும் வெள்ளியில் அடிக்கப்பெற்றன. 1940-இல் பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. சில ஆண்டுகளில் அந்த வெள்ளியும் மறைந்து நிக்கல் வந்தது. 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூர்-கொச்சி இணைப்பு நிகழ்ந்தது. 1957 ஏப்ரல் 1-இல் இந்தியா முழுதும் பதின்மக் காசுமுறை நடைமுறைக்கு வந்தது. 28, 16, 7 என்னும் பழைய எண்கள் பள்ளிக் கணக்கிலிருந்தும் விடைபெற்றன.

காசு போன பின்னும் சொல் உடனே போகவில்லை. கையில் பணமில்லை என்பதற்குச் 'சக்கரம் இல்லை' என்று கூறும் முதியோர் இப்பகுதியில் பல்லாண்டுகள் இருந்தனர். 'நாலு சக்கரம் சம்பாதிக்க' என்னும் தொடர் மலையாளத்தில் வேரூன்றியுள்ளது. கம்மட்டம் அடித்த காசு கருவூலத்தோடு முடிந்தது. மக்கள் நாவில் புழங்கிய சொல் வாரிசுரிமை போல அடுத்த தலைமுறைக்குச் சென்றது.

வெள்ளி போயும் நின்ற சொற்கள்

குமரிமுனையின் தென்மேற்கே மாலத்தீவுகள் உள்ளன. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அங்கும் இலங்கையிலும் 'லாரி' என்னும் வெள்ளிக் காசு வழங்கியது. பாரசீகத்தின் லார் என்னும் நகரால் வந்த பெயர் அது. வட்டக் காசன்று, இரண்டாக மடித்த வெள்ளிக் கம்பி. இலங்கையில் அது தூண்டில் முள் போல வளைக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலத்தீவில் சில ஆண்டுகள் தங்க நேர்ந்த பிரெஞ்சுப் பயணி பிரான்சுவா பிராட், அத்தீவின் மன்னர் தம் பெயர் பொறித்து லாரி அடித்ததையும், சிறு தொகைக்கு மக்கள் அதனை வெட்டி நிறுத்துக் கொடுத்ததையும் எழுதியுள்ளார். இன்றைய தீவுக் காசுகளுக்கு உண்மையான முன்னோர் இவையே. உலோக மதிப்பே தம் மதிப்பாகக் கொண்டவை; தீவரசின் முத்திரை தாங்கியவை; ஆனால் அத்தீவு மக்களின் கைகளில் புழங்கியவை. வெள்ளி லாரி மறைந்து நெடுங்காலமாயிற்று. மாலத்தீவின் நாணயமான ருஃபியாவின் நூறில் ஒரு பங்குக்கு இன்றும் லாரி என்றே பெயர்.

தமிழில் இதனினும் இனிய சான்று உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் அந்நாட்டுப் பணத்தை 'வெள்ளி' என்பர். பத்து வெள்ளி, நூறு வெள்ளி என்று கடையிலும் வீட்டிலும் கணக்கிடுவர். தாளிலும் கலப்பு உலோகத்திலும் வெள்ளி அணுவளவும் இல்லை. பண்டு அங்கு வழங்கிய வெள்ளி டாலரின் நினைவைச் சொல் தாங்கி நிற்கிறது. ரூபாய் என்னும் சொல்லும் வெள்ளியைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்ததே. உலோகம் நீங்கிய பின்னும் அதன் நம்பிக்கையைச் சொல் ஏற்று நடத்துகிறது.

ஒரு வரியின் இடம்

சிங்கப்பூரும் ஒரு சிறு தீவு நாடே. 1985-இல் தொடங்கிய அதன் இரண்டாம் தொடர்க் காசுகளில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் பொறிக்கப்பெற்றது. அந்நான்கனுள் ஒன்று தமிழ். அந்நாட்டின் நினைவு வெள்ளிக் காசுகளிலும் 'சிங்கப்பூர்' என்னும் தமிழெழுத்தைக் காணலாம். அக்காசினை ஏந்துபவர் சேகரிப்பாளரே ஆயினும், அவ்வெழுத்தைப் படிப்பவர் அந்நாட்டின் தெருவில் வாழ்கின்றனர்.

மொரிசியசுத் தீவின் நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞராகத் தமிழர் அங்குச் சென்றனர். அந்நாட்டுப் பணத்தாள்களில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழும், அதன்பின் இந்தியும் இடம்பெற்று வந்தன. 1998-இல் வெளிவந்த புதிய தாள்களில் தமிழ் பின்னுக்குத் தள்ளப்பட்டு இந்தி முன்வந்தது. தமிழ் மக்கள் எதிர்த்தனர். தாளின் மதிப்பு ஒரு சல்லியும் குறையவில்லை. வாங்கும் பொருளும் குறையவில்லை. எனினும் வரிசை மாறியதை அவர்களால் ஏற்க இயலவில்லை. அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் பழைய வரிசையில் புதியவை வெளிவந்தன.

மொரிசியசுத் தமிழருள் பலருக்குத் தமிழ் வீட்டுமொழியாக இல்லாமற்போய்த் தலைமுறைகள் கடந்துவிட்டன. ஆயினும் பணத்தாளில் உள்ள அந்த ஒரு வரி, தம் முன்னோர் அத்தீவில் வந்து இறங்கினர் என்பதற்குச் சான்றாக அவர்களுக்குத் தோன்றியது. வேறோரிடத்தில் முழுப் பெயரும் ஒரு தொகைக்கு விலைபோகிறது. இங்கோ ஒரு வரியின் இடத்திற்காக மக்கள் தெருவில் நின்றனர். வேறுபாட்டின் காரணம் புழக்கமே. மொரிசியசின் தாள் அவர்கள் கையில் நாள்தோறும் இருந்தது. நியுவேயின் ஆமைக் காசை நியுவே மக்களுள் எத்தனை பேர் தம் ஊர்க் கடையில் கண்டிருப்பர்?

கவிதைக்குரிய மூன்று வினாக்கள்

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் காசைப் பற்றி இவ்வளவு கூறியதன் காரணத்தைக் கவிஞர்கள் இதற்குள் உணர்ந்திருப்பர். கவிதையும் வெளியிடப்படுவது, முத்திரை தாங்குவது, நம்பிக்கையால் நடப்பது. அதனிடமும் வண்ணக்கனின் மூன்று வினாக்களைக் கேட்டல் தகும்.

முதலாவது உலோகம். சொல் தூயதா, கலப்பு மிகுந்ததா என்பதைத் தேர்ந்த செவி அறியும். இதில் இன்றைய கவிஞர் பலர் குறைவுடையவர் அல்லர். பயிற்சியும் படிப்பும் மிக்க காலம் இது. 999 தூய்மையுடைய வரிகள் பல எழுதப்படுகின்றன.

இரண்டாவது முத்திரை. நாஞ்சில் நாடு என்னும் பெயர் இன்று தமிழ் இலக்கியத்தில் மதிப்புள்ள பெயர். கவிமணியும் ஜீவாவும் கிருஷ்ணன் நம்பியும் சுந்தர ராமசாமியும் அதற்கு அம்மதிப்பை ஈட்டித் தந்தனர். அப்பெயரைக் கவிதையின் தலையில் பொறித்துவிட்டால் மட்டும் நிலம் கவிதைக்குள் வந்துவிடாது. பழையாறு என்றும் வேளிமலை என்றும் எழுதி, அந்த ஆற்றின் இன்றைய நீரையும் அம்மலையடியில் வாழ்வோரின் பேச்சையும் அறியாதிருப்பின், அது ஆமை மாறாமல் நாடு மாறிய காசுக்கு ஒப்பாகும். பெயரை நீக்கி வேறோர் ஊரின் பெயரை இட்டாலும் குறைவு தோன்றாத பாட்டு, முத்திரைத் தேர்வில் தேறாது.

மூன்றாவது வழக்கு. இதுவே கடினமானது. இருநூறு பிரதிகள் அச்சிட்டு, நண்பர்க்கு வழங்கி, மீதியைப் பரணில் அடுக்கும் நிலை சிறு வட்டங்கள் பலவற்றின் அனுபவம். கவிஞர் கவிஞர்க்கே எழுதி, கவிஞரே பாராட்டி, நூல் அலமாரியில் பளபளப்புக் குன்றாமல் இருக்குமாயின், அது முதலீட்டுக் காசின் வாழ்வே. தேய்வு இராது, ஆனால் ஒரு படி நெல்லும் அதனால் வாங்கப்படாது.

இதற்கு மாற்றாக இம்மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தை மக்கள் பேச்சின் நடையில் இயற்றினார். சொத்து மருமக்களுக்குச் சென்றதால் மனைவியும் மக்களும் பட்ட துன்பத்தை நகையும் கண்ணீரும் கலந்து அது கூறியது. வழக்கு மன்றப் படிகளிலும் அடுக்களையிலும் கேட்ட சொற்களே அதன் உலோகம். இவ்வூர் வாழ்வே அதன் முத்திரை. மக்கள் அதனைப் படிக்கக் கேட்டுச் சிரித்தனர். சிரித்த பின் சிந்தித்தனர். 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து பழைய வழக்கத்தை மாற்றியது. அம்மாற்றம் பலருடைய உழைப்பின் விளைவு. அவ்வுழைப்பில் அப்பாட்டுக்கும் பங்குண்டு. கைமாறிக் கைமாறித் தேய்ந்தும், வாங்க வேண்டியதை வாங்கித் தந்த சக்கரம் அது.

இம்மலரும் ஒரு நினைவுக் காசே. பத்தாண்டுகளின் பெயரையும் ஆண்டையும் தாங்கி வெளிவருகிறது. இதில் உள்ள வெள்ளி குறைவன்று. பேழையில் வைத்துப் போற்றுவோரும் இருப்பர், அதில் தவறில்லை. ஆயினும் இதிலுள்ள ஒரு கவிதையேனும் ஒரு பேருந்துப் பயணத்தில் பக்கத்து இருக்கைக்குக் கைமாறவேண்டும். ஒரு வரியேனும் எழுதியவர் பெயர் மறந்த பின்னும் ஊர்ப்பேச்சில் வழங்கவேண்டும். அடுத்த பத்தாண்டில் வட்டம் எத்தனை நூல் வெளியிட்டது என்னும் கணக்குடன், எத்தனை வரி புழக்கத்தில் உள்ளது என்னும் கணக்கும் எடுக்கப்படுமாயின், வண்ணக்கப் புலவர்களின் மரபுக்கு அது ஏற்றதாகும்.

சிறிய நிலம் பெரிய நாணயம் வழங்க இயலும். அரைக் கிராமும் இல்லாத சக்கரம் அதனைக் காட்டியது. உலோகம் குறைவாயினும் தூயதாகவும், முத்திரை தன்னுடையதாகவும், வழக்கு மக்களுடையதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.